மாநிலங்களவை தோற்கடித்த மசோதாவும் கிடப்பில் போட்ட மசோதாவும்

2002 மார்ச் 18-ஆம் தேதி மக்களவை பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது. 21-ஆம் தேதி அது மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 98, எதிர்ப்பு 113. மசோதா தோற்றது. 26-ஆம் தேதி இரு அவை உறுப்பினர்களையும் மைய மண்டபத்தில் ஒன்றாக உட்காரவைத்து மறுபடி வாக்கெடுத்தார்கள். ஆதரவு 425, எதிர்ப்பு 296. 28-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. தோற்ற ஒரே வாரத்தில் அது சட்டமாகிவிட்டது.

இன்னொன்று, 2015-இன் நிலம் கையகப்படுத்தல் திருத்த மசோதா. மார்ச் 10-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. அங்கே அந்த மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதே திருத்தத்துக்காகப் பிறப்பித்திருந்த அவசரச் சட்டமும் ஆகஸ்ட் 31-ஆம் தேதி காலாவதியானது. திருத்தம் அத்தோடு கைவிடப்பட்டது.

மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகளுக்குப் பலம் இருக்கும்போதெல்லாம், 'தோற்கடித்துவிட்டோம்' என்ற செய்திக்குத்தான் கைத்தட்டல் கிடைக்கிறது. ஆனால் நம் அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டிருக்கும் விதத்தில், சாதாரண மசோதா ஒன்றை மாநிலங்களவை வெளிப்படையாகத் தோற்கடிப்பது மக்களவையில் பெரிய பலம் உள்ள அரசுக்குச் செய்யும் உதவி. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாக்கெடுக்காமல் இருப்பதுதான் அந்த அவையின் உண்மையான பலம். இதைப் புரிந்துகொள்ள 108-வது பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலில் இயல்பான பாதை. வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டுமே பற்றிய பண மசோதாவும் சில நிதி மசோதாக்களும் தவிர மற்றவை எந்த அவையிலும் தொடங்கலாம். ஓர் அவை நிறைவேற்றியதும் அதன் செயலகம் மசோதாவை ஒரு செய்தியோடு மற்ற அவைக்கு அனுப்பும். அங்கே அப்படியே ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்தது. ஒரு சொல் மாறினாலும் மசோதா திரும்பிப் போக வேண்டும். 2019-இல் மோட்டார் வாகனத் திருத்த மசோதாவில் எழுத்துப் பிழைகளைச் சரிசெய்ய மாநிலங்களவை ஜூலை 31-ஆம் தேதி செய்த சிறு திருத்தங்களுக்காகவே அது மக்களவைக்குத் திரும்பி, ஆகஸ்ட் 5-ஆம் தேதி மறுபடி ஒப்புதல் பெற்றது. ஒரு மசோதா ஆண்டு இறுதியில் ஓர் அவையில் நிறைவேறி, புத்தாண்டுக்குப் பின் மற்ற அவைக்குப் போனால் தலைப்பில் உள்ள ஆண்டை மாற்ற வேண்டும். 'குடியரசின் இத்தனையாவது ஆண்டில்' என்று தொடங்கும் முதல் வாசகத்தையும் மாற்ற வேண்டும். அதுவும் முறையான திருத்தம்தான், அதற்காகவும் மசோதா திரும்பிப் போகும். இரு அவைகளும் ஒப்புக்கொண்ட வாசகம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் அது குடியரசுத் தலைவரிடம் போக முடியும்.

திரும்பி வந்த மசோதாவில் திருத்தங்கள் மட்டுமே விவாதத்துக்கு வரும், முழு மசோதாவும் அல்ல. முதல் அவை அவற்றை ஏற்கலாம், மறுக்கலாம், மாற்றுத் திருத்தம் சொல்லலாம். மறுத்தால் மறுபடி அடுத்த அவைக்குப் போகும். அந்த அவை 'எங்கள் திருத்தம்தான் வேண்டும்' என்று வலியுறுத்தினால், இரு அவைகளும் இறுதியாக முரண்பட்டுவிட்டன என்று பொருள்.

இங்கேதான் 108-வது பிரிவு நுழைகிறது. மூன்று நிலைகளில் குடியரசுத் தலைவர், இரு அவைகளும் ஒன்றாக உட்கார்ந்து வாக்களிக்கும் கூட்டுக் கூட்டத்தை அழைக்கலாம். மற்ற அவை மசோதாவை நிராகரித்தால். திருத்தங்களில் இரு அவைகளும் இறுதியாக முரண்பட்டால். மசோதா மற்ற அவைக்கு வந்து சேர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியும் நிறைவேறாமல் கிடந்தால். குடியரசுத் தலைவர் என்று எழுதியிருந்தாலும் முடிவு அமைச்சரவையுடையது. எதிர்க்கட்சி கேட்டுக் கூட்டுக் கூட்டம் வராது. ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் குடியரசுத் தலைவர் இரு அவைகளுக்கும் சேர்த்து உரையாற்றுவதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 87-வது பிரிவின் சடங்கு, அங்கே வாக்கெடுப்பு கிடையாது.

முதல் இரண்டு நிலைகளில் கதவு அன்றே திறந்துவிடுகிறது. பொடாவில் நடந்தது அதுதான். மூன்றாவது நிலைதான் சிக்கல். ஆறு மாதம் என்பது காலண்டரில் எண்ணும் ஆறு மாதம் அல்ல. அவையின் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டிருக்கும் காலத்தையும், தொடர்ச்சியாக நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டிருக்கும் காலத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு சொல்கிறது.

எண்ணிப் பார்ப்போம். பட்ஜெட் கூட்டத்தொடரின் முதல் பகுதி சுமார் இரண்டு வாரம். பிறகு ஒரு மாத அளவுக்கு இடைவேளை, அது நான்கு நாளைத் தாண்டுவதால் கணக்கில் வராது. இரண்டாம் பகுதி நான்கு வாரம் போல. மழைக்காலத் தொடர் நான்கு வாரம், குளிர்காலத் தொடர் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். வெள்ளிக்கிழமை மாலை ஒத்திவைத்துத் திங்கள் காலை கூடினால் அந்தச் சனி, ஞாயிறு கணக்கில் சேரும். இப்படிக் கூட்டினால் ஓர் ஆண்டுக்குத் தேறுவது ஏறக்குறைய நூறு நாள். 180 நாள் சேர இரண்டு ஆண்டை நெருங்கிவிடும். ஐந்தாண்டு ஆட்சியில் மூன்றாவது ஆண்டின் முடிவில் கிடப்பில் விழுந்த மசோதாவுக்கு இந்தக் கடிகாரம் தேர்தலுக்குள் ஓடி முடிவதே சந்தேகம்.

நில மசோதாவில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. ஐந்து வகைத் திட்டங்களுக்கு, உரிமையாளர் சம்மதம், சமூகத் தாக்க ஆய்வு ஆகிய நிபந்தனைகளிலிருந்து விலக்குத் தரும் திருத்தம் அது. 2014 டிசம்பர் 31-ஆம் தேதி அவசரச் சட்டமாக வந்தது. நாடாளுமன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் செத்துவிடும். அதற்குள் மாநிலங்களவை ஒப்புதல் தராது என்று தெரிந்ததும் அதை மறுபடி பிறப்பிக்க வேண்டியதாயிற்று. இரு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்போது அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. ஏதாவது ஓர் அவை தொடரில் இல்லாவிட்டால் போதும். அதனால் 2015 மார்ச் 28-ஆம் தேதி மாநிலங்களவையின் தொடரை மட்டும் முடித்துவைத்தார்கள். அவசரச் சட்டம் பிழைத்தது. ஆனால் தொடர் முடித்துவைக்கப்பட்ட காலம் ஆறு மாதக் கணக்கில் சேராது. அவசரச் சட்டத்தைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடே கூட்டுக் கூட்டத்துக்கான கடிகாரத்தை நிறுத்தியது. பிறகு மே மாதம் புதிய வடிவில் மசோதாவைக் கொண்டுவந்து, இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கேயே அது தேங்கியது.

கிடப்பில் போடுவதற்கென்று தனி வழிமுறை ஒன்றும் வேண்டாம். மசோதாவை ஆராய உறுப்பினர் சிலரைக் கொண்ட தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தீர்மானம், அதற்குப் போதுமான கைகள், அவ்வளவுதான். முத்தலாக் மசோதா 2017 டிசம்பர் 28-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. தெரிவுக் குழு வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் பிடிவாதத்தில் மாநிலங்களவையில் நின்றது. 2018 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் மக்களவையில் புதிய மசோதா, மறுபடி மாநிலங்களவையில் தேக்கம். 2019-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் போனது. தேர்தலுக்குப் பின் புதிதாகக் கொண்டுவந்து ஜூலை 30-ஆம் தேதி 99-க்கு 84 என்று மாநிலங்களவையிலேயே நிறைவேற்றினார்கள்.

கலைப்பில் எது சாகும், எது பிழைக்கும் என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். மக்களவையில் நிலுவையில் உள்ள எந்த மசோதாவும் அதன் கலைப்போடு போய்விடும், அது மாநிலங்களவை நிறைவேற்றி அனுப்பியதாக இருந்தாலும். மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் நிற்பதும் போய்விடும். மாநிலங்களவையில் தொடங்கி, இன்னும் மக்களவை நிறைவேற்றாமல் அங்கேயே நிற்கும் மசோதா மட்டுமே பிழைக்கும். 2008-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2010 மார்ச் 9-ஆம் தேதி அங்கே நிறைவேறி மக்களவைக்குப் போனது. நிறைவேறியதாலேயே அது பாதுகாப்பை இழந்தது. 2014-இல் 15-ஆவது மக்களவை கலைந்தபோது காலாவதியானது.

இதில் அரசுக்கு ஒரு தப்பிக்கும் வழி உண்டு. கலைப்புக்கு முன்பே கூட்டுக் கூட்டம் அழைக்கும் எண்ணத்தைக் குடியரசுத் தலைவர் அறிவித்துவிட்டால், பிறகு மக்களவை கலைந்தாலும் மசோதா சாகாது. தேர்தலுக்குப் பின் கூட்டுக் கூட்டம் நடத்தலாம். அந்த அறிவிப்பு வந்த நொடியிலிருந்து எந்த அவையும் தனியாக அந்த மசோதாவைத் தொட முடியாது.

சரி, கூட்டுக் கூட்டம் நடந்தால் யார் ஜெயிப்பார்கள்? மக்களவையில் 543, மாநிலங்களவையில் 245, ஆக மொத்தம் 788. எல்லோரும் வந்து வாக்களித்தால் வெற்றிக்கு 395 வேண்டும். மக்களவை பெரியது, அதனால் ஆளுங்கட்சி எப்போதும் ஜெயிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மக்களவையில் சரியாக 272 பேரை வைத்திருக்கும் அரசுக்கு மாநிலங்களவையில் 123 பேர் வேண்டும். அது மாநிலங்களவையின் பெரும்பான்மையேதான். அவ்வளவு பேர் இருந்தால் கூட்டுக் கூட்டமே தேவைப்படாது. 300 பேர் இருந்தால் மாநிலங்களவையில் 95 போதும். 350 இருந்தால் 45 போதும். ஆக, மக்களவையில் மிகப் பெரிய பலம் உள்ள அரசுக்குத்தான் இது ஆயுதம். கூட்டணியை ஒட்டவைத்துக்கொண்டு ஓடும் அரசு இதைப் பேச்சுக்குக்கூட எடுக்காது. வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை என்பதுதான் விதி. எனவே வெளிநடப்பு செய்யும் கட்சி ஒவ்வொன்றும் தேவையான எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்கிறது.

கூட்டத்துக்கு மக்களவைச் சபாநாயகர் தலைமை தாங்குவார். அவர் இல்லாவிட்டால் துணைச் சபாநாயகர், அவரும் இல்லாவிட்டால் மாநிலங்களவைத் துணைத் தலைவர். மாநிலங்களவைத் தலைவரான குடியரசுத் துணைத் தலைவர் இதில் வரவே மாட்டார், ஏனென்றால் அவர் எந்த அவையின் உறுப்பினரும் அல்ல. 2002-இல் சபாநாயகர் பாலயோகி மார்ச் 3-ஆம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்திருந்தார். அதனால் துணைச் சபாநாயகர் பி.எம். சயீத் தலைமை தாங்கினார். மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் இருந்தால் கூட்டம் நடக்கும். நியமன உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு.

கூட்டுக் கூட்டத்தில் புதிதாக என்ன வேண்டுமானாலும் சேர்த்துவிட முடியாது என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மற்ற அவை முற்றாக நிராகரித்த மசோதா என்றால், தாமதத்தால் அவசியமாகிவிட்ட திருத்தங்களை மட்டுமே கொண்டுவரலாம், தேதி போன்றவற்றை. திருத்தங்களோடு திரும்பி வந்த மசோதா என்றால், அவைகள் முரண்பட்ட விஷயங்களைப் பற்றிய திருத்தங்களும் வரலாம். எது அனுமதிக்கத்தக்கது என்பதில் தலைமை தாங்குபவரின் முடிவே இறுதி. 1961 மே 6, 9 தேதிகளில் நடந்த முதல் கூட்டுக் கூட்டம் இந்த இரண்டாவது வகை. வரதட்சணைத் தடை மசோதா. கொடுப்பது 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்ற சொற்கள் வரையறையில் வேண்டுமா, திருமணத்தில் தரும் அன்பளிப்புகள் வரதட்சணை ஆகாது என்ற விளக்கக் குறிப்பு வேண்டுமா, வரதட்சணை கேட்பதையே குற்றமாக்கலாமா என்பவையே சண்டைக்குரிய இடங்கள். இறுதியில் வந்த சட்டத்தைப் பார்த்தால் இரு தரப்பின் கைரேகையும் தெரியும். 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' உள்ளே இருக்கிறது. கேட்பதும் குற்றம், ஆனால் வழக்கை நீதிமன்றம் எடுக்க மாநில அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற கடிவாளத்தோடு. அன்பளிப்பு விளக்கக் குறிப்பும் இருக்கிறது, திருமணத்துக்குக் கைம்மாறாகத் தந்தது தவிர என்ற நிபந்தனையோடு. அந்தக் குறிப்பு சட்டத்தைப் பல்லில்லாமல் ஆக்கியது என்றே சொல்ல வேண்டும். 1984 திருத்தத்தில்தான் அதை நீக்கினார்கள். மூன்று கூட்டுக் கூட்டங்களில் இரு அவைகளின் வேறுபாட்டை உண்மையிலேயே பேசித் தீர்த்தது இந்த ஒன்றுதான். 1978 மே 16-ஆம் தேதி வங்கிப் பணி ஆணையத்தை ஒழிக்கும் மசோதாவுக்காகவும், 2002-இல் பொடாவுக்காகவும் நடந்தவை வெறும் தலை எண்ணிக்கை. அந்தப் பொடாவில் அதே ஆண்டு ஜூலையில் கைதானவர்களில் அன்றைய ஆளும் கூட்டணியில் இருந்த மதிமுகவின் வைகோவும் ஒருவர். 2004-இல் சட்டம் நீக்கப்பட்டது.

கூட்டுக் கூட்டம் செல்லாத இடங்கள் இரண்டு. ஒன்று அரசமைப்புத் திருத்தம். 368-வது பிரிவுப்படி ஒவ்வோர் அவையும் தனித்தனியாக, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்ற இரண்டு அளவுகளையும் தாண்ட வேண்டும். இங்கே மாநிலங்களவையின் 'இல்லை' உண்மையான 'இல்லை'. 1970 செப்டம்பரில், முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதாவுக்கு மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 149-ஐத் தாண்டி ஒரு பின்னம். 150 வேண்டும். ஒரே வாக்கில் போனது. அரசு குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்துசெய்து பார்த்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1971 தேர்தலுக்குப் பிறகு 26-வது திருத்தமாகத்தான் அது நிறைவேறியது.

குறுக்குவழி இல்லாத இடத்தில் அரசுகள் பேசக் கற்றுக்கொள்கின்றன. ஜிஎஸ்டி திருத்த மசோதா 2015 மே 6-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைத் தெரிவுக் குழுவுக்குப் போய், ஓராண்டுக்கு மேல் இழுபட்டது. மாநிலங்களுக்கு இடையேயான சரக்குக்கு ஒரு விழுக்காடு கூடுதல் வரி என்ற ஏற்பாட்டை அரசு கைவிட்டது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு இழப்பீடு உறுதியானது. 2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அதிமுக வெளிநடப்பு செய்ய, எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் மாநிலங்களவை நிறைவேற்றியது. மாறிய வாசகத்தை 8-ஆம் தேதி மக்களவை ஏற்றது. இரண்டு அவை முறையின் பயனைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கூட்டுக் கூட்டம் செல்லாத மற்றொரு இடம் பண மசோதா. இங்கே நிலைமை தலைகீழ். மாநிலங்களவைக்கு 14 நாள். அதற்குள் பரிந்துரைகளோடு திருப்பி அனுப்பலாம், மக்களவை அவற்றை ஏற்கலாம், குப்பையில் போடலாம். 14 நாளில் திருப்பி அனுப்பாவிட்டால் இரு அவைகளும் நிறைவேற்றியதாகவே கருதப்படும். கிடப்பில் போடும் ஆயுதம் இங்கே வேலை செய்யாது. ஒரு மசோதா பண மசோதாவா என்பதில் சபாநாயகரின் முடிவே இறுதி என்று 110-வது பிரிவு சொல்கிறது. ஆதார் மசோதா இந்தப் பாதையில்தான் வந்தது. 2016 மார்ச் 16-ஆம் தேதி மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அதே நாளில் மக்களவை ஐந்தையும் நிராகரித்தது. 2017 நிதி மசோதாவிலும் மாநிலங்களவை சொன்ன ஐந்து திருத்தங்கள் மறுநாளே தள்ளப்பட்டன. 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு ஆதாரைப் பண மசோதாவாக ஏற்றது, நீதிபதி சந்திரசூட் மட்டும் மறுத்தார். 2019 நவம்பரில் இன்னொரு அமர்வு அந்தக் கேள்வியையே அதைவிடப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. கூட்டுக் கூட்டத்தைவிட மாநிலங்களவைக்கு உண்மையான ஆபத்து இதுதான். கூட்டுக் கூட்டத்திலாவது அதன் உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டு.

மாநிலங்களில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. சட்ட மேலவை உள்ள ஆறு மாநிலங்களில் 197-வது பிரிவு வேறு வழி வைத்திருக்கிறது. பேரவை அனுப்பிய மசோதாவை மேலவை முதல் முறை மூன்று மாதம் வரை நிறுத்தலாம். பேரவை அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இரண்டாம் முறை ஒரு மாதம் மட்டுமே. பிறகு மேலவை என்ன செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும், பேரவை இரண்டாம் முறை நிறைவேற்றிய வடிவத்தில் அது நிறைவேறியதாகிவிடும். மேலவையில் தொடங்கிய மசோதாவைப் பேரவை நிராகரித்தால் அதற்கு இந்த மறுவாய்ப்பும் இல்லை.

ஆந்திராவின் மூன்று தலைநகர் மசோதாவில் இது அப்படியே நடந்தது. 2020 ஜனவரி 22-ஆம் தேதி மேலவைத் தலைவர் ஷரீப் மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்புவதாக அறிவித்தார். தோற்கடிக்கவில்லை, நிறுத்திவைத்தார். ஐந்தே நாளில், 27-ஆம் தேதி, மேலவையையே ஒழிக்கும் தீர்மானத்தைப் பேரவை 133 வாக்குகளோடு நிறைவேற்றியது. ஒழிப்பதற்கு 169-வது பிரிவுப்படி நாடாளுமன்றமும் சட்டம் இயற்ற வேண்டும். 1986-இல் தமிழ்நாட்டு மேலவைக்கு அது சில மாதங்களில் நடந்தது, நவம்பர் 1-ஆம் தேதி அது மறைந்தது. ஆந்திராத் தீர்மானமோ டெல்லியில் நகரவில்லை. ஜூனில் பேரவை அதே மசோதாவை இரண்டாம் முறை நிறைவேற்றியது. மேலவை அதை எடுத்துக்கொள்ளாமலே காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. ஒரு மாதம் ஓடி முடிந்தது, ஜூலை 31-ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்டார். 2021 நவம்பரில் அதே அரசு அந்தச் சட்டத்தை ரத்துசெய்தது. மேலவை ஒழிப்புத் தீர்மானத்தையும் அந்த வாரமே திரும்பப் பெற்றுக்கொண்டது.